தீயணைப்பு வீரரின் உடைப்பைகளில் என்ன இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீக்காப்பு உடையில் இருக்கும் பைகள் நான்கோ ஐந்தோதான். அவற்றில் எதைப் போடுவது என்ற கேள்வி மட்டும் ஓய்வதில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும், பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு நிலையம் மாறி வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டடத் தீயில் மூச்சுக் கருவி அணிந்து உள்ளே நுழைபவரை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. காட்டுத்தீயில் வேலை செய்பவரின் தேவைகள் வேறு. அவை இங்கே இல்லை.

வண்டி நிறையக் கருவிகள் இருக்கும்போது பைக்குள் எதற்குத் தனியாக?

வண்டி தெருவில் நிற்கிறது. நீங்கள் மூன்றாம் மாடியில் புகைக்குள் முழங்காலிட்டு ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். கையில் கோடாரியும் கடப்பாரையும் இருக்கலாம். முதுகில் உள்ள காற்று உருளையில் ஒரு கம்பி சுற்றிக்கொண்டால் அவை இரண்டும் உதவாது. பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டாலும் அதே நிலைதான்.

பையில் வைக்கும் பொருள்களை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். நீங்கள் உயிரோடு வெளியே வர உதவுபவை, வந்த வழியைத் திறந்து வைத்திருக்க உதவுபவை, தீயை அடக்கிய பின் நடக்கும் சில்லறை வேலைகளுக்கானவை. பையில் இடம் ஒதுக்குவதும் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். பலருடைய பைகளைத் திறந்து பார்த்தால் மூன்றாவது வகை நிரம்பி வழிகிறது. முதல் வகைக்கு இடமே இல்லை. என் கவலையெல்லாம் அதைப் பற்றியதுதான்.

பட்டியலாகச் சொன்னால்?

கம்பி வெட்டும் குறடு, இரண்டு மூன்று மர ஆப்புகள், வளையமாகக் கட்டிய ஒரு நாடா, கைகளைக் கட்டிப்போடாத ஒரு டார்ச். இந்த நான்கும் எவருக்கும் வேண்டும். இவற்றுக்கு மேல் நீங்கள் சேர்ப்பதெல்லாம் உங்கள் பகுதியின் கட்டடங்களையும், வண்டியில் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பையும் பொறுத்தது.

கம்பி வெட்டும் குறட்டை முதலில் சொல்வது ஏன்?

கம்பியில் சிக்கி வீரர்கள் இறந்திருக்கிறார்கள் என்பதால். இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் 2005 பிப்ரவரி 2 அன்று ஹாரோ கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த தீவிபத்தில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். சவுத்ஹாம்ப்டனில் 2010 ஏப்ரல் 6 அன்று ஷர்லி டவர்ஸ் என்ற மற்றோர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலும் இருவர் இறந்தார்கள். இரண்டு இடங்களிலும் மேலிருந்து தொங்கி விழுந்த மின்கம்பிகளில் வீரர்கள் சிக்கியது தெரியவந்தது.

காரணம் எளிமையானது. சுவரிலும் கூரையிலும் கம்பிகளைப் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் விட்டு ஒட்டிவைக்கிறார்கள். அறை சூடேறும்போது பிளாஸ்டிக் இளகி விழுகிறது. உள்ளே இருந்த கம்பிகள் கொத்தாகத் தொங்குகின்றன. புகையில் அவை கண்ணுக்குத் தெரியாது. ஊர்ந்து போகும்போது மூச்சுக் கருவியின் உருளைக்கும் முதுகுக்கும் இடையே கம்பி நுழைந்துகொள்கிறது. பதறி முன்னோக்கி இழுத்தால் சுருக்கு இறுகுகிறது. இந்த மரணங்களுக்குப் பிறகு பிரிட்டனின் மின்கம்பி விதிகள் மாறின. தப்பிக்கும் வழிகளில் கம்பிகளைத் தீயில் விழாத தாங்கிகளால் பிடித்துவைக்க வேண்டும் என்ற விதி 2015-இல் வந்தது. 2018-இல் அது கட்டடத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. ஆனால் விதி வருமுன் கட்டிய வீடுகள் எல்லா நாடுகளிலும் அப்படியேதான் நிற்கின்றன.

மின்கம்பி மட்டும் இல்லை. தொங்குகூரையைத் தாங்கும் கம்பிகள், குளிரூட்டியின் வளையும் குழாய்க்குள் சுருளாக ஓடும் எஃகுக் கம்பி, தொலைக்காட்சிக் கேபிள், ஜன்னல் திரைகளின் கயிறுகள் எல்லாமே பொறிகள்தாம். வளையும் குழாயின் உறை எரிந்துபோனால் மிஞ்சும் சுருள் கம்பி அவற்றில் மிகப் பொல்லாதது. ஒரு சுற்றிலிருந்து விடுபடும்போதே அடுத்த சுற்றில் கால் மாட்டும்.

எந்த வகைக் குறடு வாங்குவது?

மின்பணியாளர்கள் வைத்திருக்கும் கனமான கட்டிங் பிளேயர், அல்லது பக்கவாட்டில் வெட்டும் உறுதியான குறடு. செம்புக் கேபிளுக்கென்றே செய்த, கத்தரிபோல் வாய் கொண்ட கருவி தடித்த கேபிளை வெண்ணெயாக வெட்டும். எஃகுக் கம்பியில் வைத்தால் அதன் வாய் பல்லுப்போய்விடும். உங்களைச் சிக்கவைக்கப்போவது செம்பா எஃகா என்று இருட்டில் தெரியப்போவதில்லை. ஆகவே இரண்டையும் வெட்டுவதையே தேர்ந்தெடுங்கள்.

கைப்பிடியோடு சேர்த்து 20 சென்டிமீட்டர் நீளமுள்ள குறடு பெரும்பாலோர் கைக்குப் பொருந்தும். அதைவிடக் குட்டையானது தடித்த கையுறைக்குள் நழுவும்; ஒரே அழுத்தில் வெட்டாது. சுருள்வில் பொருத்தி, விட்டவுடன் தானாக வாய் திறக்கும் வகை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் சிக்கிய நிலையில் ஒரு கைதான் உங்களுக்குக் கிடைக்கும். குறட்டின் வாயை மறு கையால் பிரிக்க வேண்டியிருந்தால் அது பாதிக் கருவிதான். வாயைச் சாத்திவைக்கும் பூட்டு இருந்தால் அதைக் கையுறையோடு தள்ளிப் பாருங்கள். தள்ள முடியாவிட்டால் அந்தக் குறடு வேண்டாம்.

மின்சாரம் ஓடும் கம்பியாக இருந்தால்?

மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று என்ற உறுதி இல்லாதவரை எல்லாக் கம்பியிலும் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். 1000 வோல்ட் வரை பாதுகாப்பு என்று ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60900 தரப்படி சோதித்த குறடுகளில் இரட்டை முக்கோணக் குறி இருக்கும். வாங்கினால் அதையே வாங்குங்கள். ஆனால் அந்தச் சோதனை உலர்ந்த, கீறல் இல்லாத கைப்பிடிக்கானது. நனைந்து, கரி படிந்து, பையில் மற்ற இரும்புகளோடு உரசித் தேய்ந்த உறையை அதே அளவு நம்ப முடியாது. சாதாரணக் குறட்டின் வண்ணப் பிளாஸ்டிக் பிடி வெறும் பிடிமானத்துக்கானது. மின்காப்பு என்று எண்ணவே கூடாது.

சிக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை வெட்டுவது கிடையாது. அசைவதை நிறுத்துங்கள். அரையடி பின்னோக்கி வாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இழுப்பு தளர்ந்தவுடன் விடுபடும். தோளைச் சாய்த்து, கையை நீச்சலடிப்பதுபோல் மேலிருந்து கீழாகச் சுழற்றிக் கம்பியைத் தலைக்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அதற்கும் விடவில்லை என்றால் தாமதிக்காமல் வானொலியில் அபாய அழைப்பு கொடுங்கள்; பிறகு வெட்டத் தொடங்குங்கள். காற்று தீரும் தறுவாயில் கொடுக்கும் அழைப்பை நம்பி வருபவர்களுக்கு நேரம் போதாது. வெட்டும்போது ஒவ்வொரு கம்பியாக வெட்டுங்கள். கொத்தாக வாயில் திணித்தால் குறடும் திணறும், மின்சாரம் ஓடும் இரு முனைகளையும் நீங்களே இணைத்துவிடுவீர்கள்.

ஆப்பு மரமா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

மரம். மலிவு, இலேசு, கதவின் இரும்பையும் தரையின் கல்லையும் கவ்விப் பிடிக்கும், தொலைந்தாலும் வருத்தமில்லை. பிளாஸ்டிக் சூட்டில் இளகிக் கதவை விட்டுவிடும். அலுமினியம் தரையில் வழுக்கும். ஆனால் பலகைகளைப் பிளக்கவோ கதவிடுக்கை விரித்துப் பிடிக்கவோ நல்லது. மர ஆப்பை நீங்களே மரத்துண்டில் அறுத்துக்கொள்ளலாம். சரிவு மெல்லியதாக, நீளமாக இருக்கட்டும். குட்டையான, செங்குத்தான ஆப்பு கதவு அசைந்ததும் தெறித்துவிடும்.

கதவின் அடியில் வைத்த ஆப்பைப் பின்னால் வரும் ஹோஸ் தட்டிவிடக்கூடும். மேல் கீலுக்குப் பக்கத்தில், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினால் எவர் காலிலும் படாது. புகையில் வருபவர் தடவிப் பார்த்தாலும் தெரியும். தீ அணைந்த பின், உடைந்த ஸ்பிரிங்ளரிலிருந்து (கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) கொட்டும் தண்ணீரை நிறுத்தவும் இரண்டு ஆப்புகள் போதும். தண்ணீர் வரும் துளைக்கும் கீழே உள்ள தட்டுக்கும் இடையே எதிரெதிராகச் செருகித் தட்டினால் பெருமளவு அடைபடும். இதைப் பொறுப்பாளர் சொன்ன பிறகே செய்ய வேண்டும், அதற்கு முன் கூடாது.

போகிற வழியில் எல்லாக் கதவுகளையும் திறந்து ஆப்பு வைத்துக்கொண்டே போகலாமா?

கூடாது. திறந்த கதவு உங்களுக்கு வழி, தீக்குக் காற்று. எரியும் அறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரு பாதை உண்டாகிவிட்டால் சூடும் புகையும் அந்தப் பாதையிலேயே ஓடும். அந்தப் பாதையில் நீங்களும் நிற்கிறீர்கள். மாடிப்படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவை நிறுத்திவைத்தால் மேல்தளங்களிலிருந்து இறங்கிவரும் மக்கள் மூச்சுமுட்டிப்போவார்கள். ஹோஸ் நுழைய வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்து, ஒருவர் கதவருகே நின்று கட்டுப்படுத்துவதே நல்லது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளுக்கு வேறு உபாயம் இருக்கிறது: ரப்பர் பட்டை ஒன்றை இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் மாட்டி, பூட்டு நாக்கின் மேல் அழுந்தும்படி விட்டால், கதவு சாத்தியிருக்கும், பூட்டாது. வாகன டியூபை அகலமான வளையமாக வெட்டினாலே போதும். பையில் எடையே தெரியாத பொருள் இது, தாராளமாக வையுங்கள்.

நாடா எவ்வளவு நீளம்? அதனால் என்ன பயன்?

25 மில்லிமீட்டர் அகலமுள்ள குழல்நாடா (உள்ளே வெற்றாக, குழாய்போல் நெய்த நாடா), ஐந்து ஆறு மீட்டர், இரு முனைகளையும் சேர்த்து வளையமாகக் கட்டியது. நாடாவுக்கென்று இருக்கும் நீர்முடிச்சைப் போட்டு, முனைகள் ஏழெட்டு சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்கும்படி விடுங்கள். அந்த முடிச்சு மெதுவாகத் தளரும் குணமுடையது; பணிமுறை தொடங்கும்போது இழுத்துப் பார்ப்பது அவசியம்.

மயங்கி விழுந்த ஒருவரின் மார்பைச் சுற்றி மாட்டி இழுக்கலாம். சக வீரரின் மூச்சுக் கருவிப் பட்டைகளில் கோத்து இழுக்கலாம். தண்ணீர் நிறைந்த ஹோஸைப் படிக்கட்டுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடலாம். ஏணியின் தலையை ஜன்னல் சட்டத்தோடு கட்டலாம். ஒரே பொருள் இவ்வளவு செய்வதால் குறட்டுக்கு அடுத்த இடத்தை நாடாவுக்கே கொடுப்பேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். வழக்கமான நாடா நைலானால் ஆனது. வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே வலு குறையும். உங்கள் உடை தாங்கும் சூட்டை நாடா தாங்காது. தரையோடு இழுக்கும் வேலைக்கு அது போதும். உயரத்திலிருந்து உங்கள் உடலை அதில் தொங்கவிடாதீர்கள்.

அப்படியானால் தப்பிப்பதற்குத் தனிக் கயிறு வேண்டுமா?

மாடிக் கட்டடங்களில் வேலை செய்பவருக்கு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 2005 ஜனவரி 23 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், நான்கு மாடிக் குடியிருப்பொன்றின் உச்சித் தளத்தில் தீ வழியை மறித்துக்கொண்டதால் ஆறு வீரர்கள் ஜன்னல்கள் வழியாக வெளியேற வேண்டியதாயிற்று. சட்டவிரோதமாக எழுப்பிய தடுப்புச் சுவர்கள் அவர்களைத் தீயின்போது தப்பிப்பதற்கான வெளிப்படிக்கட்டை அடையவிடவில்லை. இருவர் இறந்தனர், மற்றவர்கள் பலத்த காயமடைந்தனர். அப்போது அவர்களுக்குத் தனிப்பட்ட கயிறுகள் வழங்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் சொந்தமாக வைத்திருந்த கயிற்றைத்தான் இரண்டு பேர் பயன்படுத்தினார்கள். அதன் பிறகே அந்நகரத் தீயணைப்புத் துறை வீரர்களுக்குத் தப்பிப்புக் கருவித் தொகுப்பை வழங்கத் தொடங்கியது.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) தரப்படி தப்பிப்புக் கயிறு குறைந்தது 13.5 கிலோநியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். வலிமையோடு இழையையும் பாருங்கள். கெவ்லார் போன்ற அராமிட் இழை உருகாது. 400 டிகிரிக்கு மேல் கருகிச் சிதையும். மிக இலேசாக, மிக வலுவாக இருக்கும் ஒருவகைப் பாலிஎத்திலீன் கயிறு 150 டிகிரியை எட்டும் முன்பே உருகிவிடும். மலையேறுபவருக்கு அருமையான அந்தக் கயிறு ஜன்னல் வழியே தீ சீறும்போது கைவிட்டுவிடும்.

கயிறு மட்டும் போதாது. இறக்கத்தை மட்டுப்படுத்தும் கருவி, சுவரிலோ ஜன்னல் மூலையிலோ மாட்டும் கொக்கி, இடுப்புப் பட்டை எல்லாம் சேர்ந்தே ஒரு தொகுப்பு. பயிற்றுநரின் கண்முன் பலமுறை இறங்கிப் பழகாமல் அதைச் சுமப்பதில் பயனில்லை. உண்மையான தீயில் ஒருமுறை இறங்கிவிட்டால் அந்தக் கயிற்றின் ஆயுள் முடிந்தது; பயிற்சிக்கு வேறு கயிறு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல கத்தி இருந்தால் இவற்றில் பாதியைத் தவிர்க்கலாமே?

கத்தியால் கம்பியை வெட்ட முடியாது. இருட்டில், தடித்த கையுறையோடு, பயந்து துடிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் திறந்த கத்தியைப் பிடிப்பது ஆபத்தும்கூட. காரின் இருக்கைப் பட்டையையோ துணியையோ வெட்ட, மழுங்கிய முனையுள்ள மருத்துவக் கத்தரி சிறந்தது. அலகு உள்ளே மறைந்திருக்கும் பட்டைவெட்டியும் நல்லது.

கார்க் கண்ணாடியை உடைக்கும் பஞ்ச்?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதப்படுத்திய கண்ணாடியில் மட்டுமே அது வேலை செய்யும். மூலையில் அழுத்தினால் முழுவதும் பொடியாக உதிரும். முன்பக்கக் கண்ணாடி இரு அடுக்குகளுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது; பஞ்ச் அதில் ஒரு புள்ளியை மட்டுமே உண்டாக்கும். அண்மைக் காலக் கார்களில் பக்கக் கண்ணாடியையும் அப்படி ஒட்டிச் செய்கிறார்கள். கண்ணாடியின் மூலையில் அச்சிட்ட குறியைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒட்டுக் கண்ணாடிக்கு அறுக்கும் கருவிதான் தேவை. அது வண்டியில் இருக்கட்டும்.

ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், பலவேலைக் கருவி?

முனைகளை மாற்றிக்கொள்ளும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். ஹோஸ் இணைப்பை இறுக்கும் சிறிய ஸ்பானரில் எரிவாயு வால்வைத் திருப்ப உதவும் பிளவும் இருந்தால் நல்லது. மூடிய எரிவாயுவைத் திரும்பத் திறப்பது எரிவாயு நிறுவனத்தின் வேலை, நம்முடையதாகாது. மடித்து வைக்கும் பலவேலைக் கருவியைக் கையுறையைக் கழற்றாமல் விரிக்க முடியாது. ஆகவே அது தீ அணைந்த பின்னர்தான் பயன்படும்.

டார்ச்?

மார்பில் மாட்டி முன்னோக்கி ஒளி பாய்ச்சும் வளைந்த வகை ஒன்று, தலைக்கவசத்தில் சிறியது ஒன்று. எரிவாயு கசியும் இடத்திலும் பொறி எழுப்பாதது என்ற சான்று இருக்க வேண்டும். பையில் இன்னுமொரு சிறிய விளக்கு இருந்தால் மிகை என்று சொல்லமாட்டேன்.

எதை எந்தப் பையில் வைப்பது?

எதை வாங்குவது என்பதைவிட இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முழு உடையையும் மூச்சுக் கருவியையும் அணிந்துகொள்ளுங்கள். இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். இப்போது மேற்சட்டையின் கீழ்ப்பைகளில் கையை விடுங்கள்; பட்டை அவற்றை மறித்திருப்பதைக் காண்பீர்கள். நின்றபடி வெறுங்கையோடு அடுக்கிய பை வேறு, படுத்தபடி கையுறையோடு தேடும் பை வேறு. கால்சட்டையின் தொடைப்பைகள் பெரும்பாலும் எட்டும். மார்புப் பையும் எட்டக்கூடும், அங்கே வானொலி இல்லாவிட்டால்.

உயிர் காக்கும் பொருளுக்கென்று ஒரு பையை ஒதுக்குங்கள். அதில் வேறெதையும் போடாதீர்கள். குறடு இரண்டு வைத்து, வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று எட்டும்படி பிரித்துவிடுவது எவ்வளவோ மேல். ஒரு தோள் சுவரோடு அழுந்திக் கிடக்கும்போது எந்தக் கை விடுபட்டிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முகமூடியின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு, மல்லாந்தும் குப்புறவும் கிடந்து, குறட்டை எடுத்து ஒரு கம்பியை வெட்டி மறுபடியும் பைக்குள் வைக்கப் பழகுங்கள். தேடவேண்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள்; எட்டும் இடம் கிடைத்த பின் ஒருபோதும் மாற்றாதீர்கள்.

கருவி கீழே விழாமலிருக்கக் கயிற்றால் கட்டிவைக்கலாமா?

குட்டையான, வலுவாக இழுத்தால் அறுந்துவிடும் கயிறாக இருந்தால் சரி. நீண்ட சுருள்கயிறு இன்னொரு கம்பியாகி உங்களையே சிக்கவைக்கும்.

கூடுதலாகச் சில கருவிகள் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

உடையும் மூச்சுக் கருவியும் சேர்ந்தே 20 கிலோவுக்கு மேல் போய்விடும். அதன்மேல் ஒவ்வொரு இரும்பும் மூச்சை வேகமாக்கி, உருளையின் காற்றைச் சீக்கிரம் தீர்க்கும். அதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. உடை உங்களைக் காப்பது அதன் அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றால்தான். கனத்த இரும்பு தொடையில் அழுந்தும் இடத்தில் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறும். இரும்பு வாங்கிவைத்த சூடு அதே இடத்தில் தோலுக்கு இறங்கும். முழங்காலிட்டு ஊர்பவருக்கு இப்படித் தீப்புண் வரக்கூடும். கூர்முனை உள்ள கருவி பையைக் குத்தி, உள்ளே உள்ள ஈரத்தடுப்பு அடுக்கையும் கிழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

நெடுநாள் தொடாத கருவியை எடுத்துவிடலாமா?

வேலைக் கருவியானால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பூட்டைப் பிடித்துத் திருகும் குறட்டை ஓராண்டாக எடுக்கவே இல்லையென்றால் அது உங்கள் பையில் இருக்கத் தேவையில்லை. கம்பிவெட்டியும் கயிறும் இந்தக் கணக்கில் வராது. பணிக்காலம் முழுவதும் அவற்றைத் தொடாமலே ஓய்வுபெற வேண்டும் என்றுதான் உங்களுக்காக விரும்புகிறேன்.

சொந்தப் பணத்தில் வாங்கலாமா?

குறடு, ஆப்பு, நாடா போன்றவற்றை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வாங்கலாம். உயிரைத் தொங்கவிடும் கயிற்றையும் கொக்கியையும் துறை ஒப்புதல் இல்லாமல் சேர்க்காதீர்கள். உங்களை மீட்க வருபவருக்கு உங்களிடம் இருக்கும் கருவி பழக்கமானதாக இருக்க வேண்டும்.

கைபேசி, சாக்லேட், சாவிக்கொத்து?

வேண்டாம். கைபேசியின் லித்தியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது. உணவுப்பொருளில் கரி ஏறும். அதை நீங்கள் வாயில் போடுவீர்கள்.

கருவிகளைக் கழுவ வேண்டுமா?

கட்டாயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புத் தொழிலில் ஏற்படும் நச்சுத் தொடர்பை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. உடையைத் துவைத்துவிட்டு, பைக்குள் இருந்த கரி படிந்த குறட்டைத் துடைக்காமல் திரும்ப வைத்தால் அந்த நஞ்சு மறுபடியும் உடையில்தான் சேரும். தீயிலிருந்து திரும்பியதும் பைகளைக் கவிழ்த்து, கையுறை அணிந்து, சோப்புத் தண்ணீரில் கருவிகளைக் கழுவி உலர்த்துங்கள். குறட்டின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். நாடாவை மென்மையான சோப்பில் அலசி நிழலில் காயவிட வேண்டும். பளபளப்பான, விறைத்த, நிறம் மாறிய இடம் தெரிந்தால் அது சூடுபட்ட இடம். அந்த நாடாவை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. பைகளின் அடியில் தங்கிய கரியையும் மரத்தூளையும் தட்டிய பிறகே உடை சலவைக்குப் போகலாம்.